மூன்றாவது டை

ரியோஹெய் கறுப்பு டையை மூன்றாம் முறையாக அவிழ்த்துக் கட்டினான். முடிச்சில் குறை ஒன்றுமில்லை. பன்னிரண்டு வயதிலிருந்து பள்ளிச் சீருடையோடு டை கட்டிப் பழகியவனுக்கு முடிச்சா தப்பும்? கட்டில்மேல் கிடந்த இன்னொரு டைதான் அவனை நிம்மதியாக இருக்கவிடவில்லை.

அது வெள்ளை டை. கடைப் பொட்டலம்கூடப் பிரிக்கப்படவில்லை. அவன் குளித்துவிட்டு வருவதற்குள் யாரோ தலையணைமேல் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். யாரோ என்ன, யோவாகிம்தான். செத்துப்போன வீட்டுக்காரர் ரூனேயின் மகன். தெற்கே கோத்தன்பர்க்கில் வேலை பார்ப்பவன், அப்பாவை வழியனுப்ப நேற்றுத்தான் கடைப் பைகளோடு வந்து இறங்கியிருந்தான்.

ரியோஹெய்யின் ஊரான அகிதாவில் வெள்ளை டை கல்யாணத்துக்குக் கட்டுவது. போன வருஷம் மாமா மகள் கல்யாணத்துக்கு அப்பா கட்டிக்கொண்டு போனார். சாவு வீட்டுக்கு ஒருவன் அதைக் கட்டிக்கொண்டு போனால், செத்தவரோடு பழைய பகை ஏதோ இருந்திருக்கிறது என்றுதான் ஜப்பானில் பேசுவார்கள். ஆகவே இது தவறுதான். அப்பாவைப் பறிகொடுத்தவன், கடையில் எதையோ நினைத்துக்கொண்டு எதையோ எடுத்து வந்துவிட்டான். அதைப் போய் அவனிடம் சொல்லிக் காட்ட முடியுமா? அவன் முகம் என்ன ஆகும்? ரியோஹெய் பொட்டலத்தைச் சத்தம் போடாமல் எடுத்துப் போய் யோவாகிமின் அறைக் கதவுப் பிடியில் தொங்கவிட்டான். இப்படிச் செய்தால் யாருக்கும் வெட்கமில்லை.

மாடியிலிருந்து இறங்கினால் முதலில் கண்ணில் படுவது அவனுடைய பெட்டிதான். மூன்று நாளாக வாசல் நடையில் நிற்கிறது. பெரிய நீலப் பெட்டி. யார் போனாலும் வந்தாலும் காலில் இடிக்கும். யாரும் ஒன்றும் சொல்வதில்லை.

சுவீடனுக்கு ஒரு வருஷம் படிக்க வந்தவன் அவன். ஆகஸ்டில் வந்தான், ஜூனில் திரும்ப வேண்டும். இந்த வடக்குச் சீமையில் ரூனேயும் மரியானும் அவனைத் தங்கள் வீட்டில் வைத்துக்கொள்ள முன்வந்தார்கள். ரூனே பள்ளிப் பேருந்து ஓட்டுபவர். ஜப்பான் பையனுக்குப் பனி காட்டப்போகிறேன் என்று கோடை முழுவதும் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். அகிதாவில் ஆள் உயரத்துக்குப் பனி விழும் என்பதைச் சொல்ல ரியோஹெய்க்கு மனம் வரவில்லை. நவம்பரில் முதல் பனி விழுந்த காலையில் அவரோடு முற்றத்தில் நின்று 'ஓ, ஓ' என்று வாயைப் பிளந்தான். உண்மை தெரிந்தபோது ரூனே கண்ணில் நீர் வரச் சிரித்தார். மறுநாள் பேருந்தில் ஏறிய குழந்தைகள் அத்தனை பேரிடமும் சொன்னார்.

பாதிரியாரைக்கூடப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற நாடு இது. ரியோஹெய்யின் நாக்குக்கு மட்டும் அது வரவே இல்லை. பெயருக்குப் பின்னால் ஒரு 'சான்' சேர்த்தால்தான் அவனுக்கு மரியாதை சொன்ன மாதிரி இருக்கும். ரூனேவுக்கு அது ரொம்பப் பிடித்துப்போய், பேருந்துக் கண்ணாடிக்கு மேலே 'ரூனே-சான்' என்று ஒரு அட்டையே எழுதி ஒட்டிவிட்டார்.

அந்த ரூனே பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை காலை, தபால் பெட்டிக்குப் போகும் வழியில் பனி தள்ளிக்கொண்டிருந்தபோது செத்துப்போனார். மாரடைப்பு.

ரியோஹெய் அப்போது சமையலறையில் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தான். ஜன்னல் வழியே அவரைப் பார்த்தான். மண்வெட்டியைப் பனிமேட்டில் குத்தி வைத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். எப்போதும் உட்காருவார். உதட்டுக்கடியில் வைக்கும் புகையிலைப் பொட்டணத்துக்காகத் தினமும் அதே இடத்தில் ஐந்து நிமிஷம். அவன் கஞ்சியைக் குடித்து முடித்தான். கிண்ணத்தைக் கழுவித் துடைத்துக் கவிழ்த்தான். மொத்தம் பத்து நிமிஷம் இருக்கும். அப்புறம்தான் வெளியே போனான்.

அந்தப் பத்து நிமிஷத்தை அவன் யாரிடமும் சொல்லவில்லை. அழுதால் துக்கம், சொன்னால் வெட்கம்.

சாவுக்குப் பின் பத்தாம் நாள், மாணவர்களை அனுப்பும் அமைப்பிலிருந்து லேனா வந்தாள். இந்த வட்டாரத்துக்குப் பொறுப்பு அவள்தான்.

"துக்கம் நடந்த வீடு. உனக்கும் கஷ்டம், மரியானுக்கும் பாரம்," என்றாள். "கடற்கரைப் பக்கம் ஒரு குடும்பம் கேக்குறாங்க. உன் வயசுல ரெண்டு பசங்க. பெரிய நாய் ஒண்ணு இருக்கு. எப்படி?"

ரியோஹெய் மரியானைப் பார்த்தான்.

"உன் இஷ்டம் ரியோ," என்றாள் மரியான். "நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். உனக்கு எது நல்லதுன்னு படுதோ அதைச் செய்."

"உங்களுக்கு எது தொந்தரவு இல்லையோ அதுதான் எனக்கும் நல்லது," என்றான் அவன்.

"எனக்கு என்ன தொந்தரவு? நீ சொல்லு."

"இல்ல, நீங்க சொல்லுங்க."

இருவரும் இப்படிப் பந்தை மாற்றி மாற்றித் தள்ளிக்கொண்டிருக்க, லேனா காலண்டரைப் புரட்டினாள். அடுத்தவர் முடிவில் கை வைக்காமல் இருப்பதுதான் மரியான் வளர்ந்த ஊரில் பெரிய பண்பு. அவன் வளர்ந்த ஊரிலோ, வீட்டுக்காரர் 'உங்கள் இஷ்டம்' என்றால் விருந்தாளி செருப்பைத் தேட வேண்டியதுதான். மரியானுக்குக் கஞ்சிக் கிண்ணம் தெரிந்துவிட்டது என்று அவன் நினைத்தான். தெரியாமல் இருக்குமா? சமையலறை ஜன்னல் தபால் பெட்டியைப் பார்த்துத்தானே இருக்கிறது. லேனா இறுதிச் சடங்கு நாளை வட்டமிட்டு, 'அன்னிக்குச் சாயங்காலம் கூட்டிட்டுப் போறேன்' என்று எழுதிக்கொண்டாள்.

அந்த நாள் இன்றுதான். செத்து இருபத்தைந்து நாள் கழித்து அடக்கம். அகிதாவில் மூன்றே நாளில் எல்லாம் முடிந்திருக்கும். இங்கே தேவாலயத்துக்கு நாள் வாங்க வேண்டும், உறவுகளுக்கு விடுப்பு ஒத்துவர வேண்டும், காலண்டரில் எல்லாம் பொருந்த வேண்டும். செத்தவர்தான் பொறுமையாகக் காத்திருக்கிறார்.

சமையலறையில் மரியான் காப்பி வடித்துக்கொண்டிருந்தாள். யோவாகிம் சட்டைக் காலர் திறந்தபடி இறங்கி வந்தான். கையில் பொட்டலம்.

"இது உனக்கு வேணாமா?"

"வேண்டாம். ரொம்ப நன்றி. என்கிட்ட ஒண்ணு இருக்கு. அம்மா அனுப்பியிருக்காங்க."

யோவாகிம் அவன் கழுத்தைப் பார்த்தான்.

"சரி. உன் இஷ்டம்."

பொட்டலம் அவனுடைய கோட்டுப் பைக்குள் போயிற்று. மரியான் திரும்பி ரியோஹெய்யின் கறுப்பு டையை ஒரு கணம் கூடுதலாகப் பார்த்தாள். "நல்லா இருக்கு," என்றாள். பிறகு ஏற்கெனவே துடைத்திருந்த மேஜையை இன்னொரு தரம் துடைத்தாள். ஏதோ தவறு செய்துவிட்டோம் என்று அவனுக்குப் பட்டது. என்ன தவறு என்றுதான் தெரியவில்லை.

காரில் தேவாலயத்துக்குக் கிளம்பினார்கள்.

தேவாலய முன்கூடத்தில் எல்லோரும் கனத்த கோட்டுகளைக் கழற்றி மாட்டினார்கள். பேருந்து ஓட்டுநர்கள் எட்டுப் பேர் ஒரே வரிசையில் நின்றார்கள். எட்டுக் கறுப்பு டை. பக்கத்து வீட்டு டிராக்டர்காரருக்குக் கறுப்பு. பள்ளித் தலைமை ஆசிரியருக்கும் கறுப்பு. ரூனேயின் தம்பி ஸ்டீக் கழுத்துத் துண்டை உருவினார். உள்ளே பளீரென்று வெள்ளை.

"வாடா இங்க," என்று யோவாகிமை இழுத்தார். "இருபத்தேழு வயசாச்சு, ஒரு டை கட்டத் தெரியல. உங்கப்பனும் இப்படித்தான். கல்யாணத்தன்னிக்கு நான்தான் கட்டிவிட்டேன்."

யோவாகிமுக்கு அவர் கட்டிவிட்டதும் வெள்ளை டைதான். ரியோஹெய் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். இரண்டு பேரும் ஒரே மாதிரி தவறு செய்ய முடியாது.

"ஸ்டீக்-சான்," என்றான் மெதுவாக. "உங்க ரெண்டு பேருக்கு மட்டும் ஏன் வெள்ளை?"

"ஏன்னா என்ன? வீட்டு ஆம்பளைங்களுக்கு வெள்ளை. பெத்த புள்ள, கூடப் பொறந்தவன். மத்தவங்களுக்கெல்லாம் கறுப்பு." ஸ்டீக் முடிச்சோடு மல்லுக்கட்டிக்கொண்டே பேசினார். "இவன் மூணு வாங்கிட்டு வந்தான். மூணாவது ஆள் வேண்டாம்னுட்டானாமே. சரி, உன்னை யாரு கட்டாயப்படுத்த முடியும்? நீ இன்னிக்கே போறவன்."

ரியோஹெய்க்குக் காது சூடாகியது. தலையணைமேல் கிடந்த பொட்டலத்தையும், கதவுப் பிடியில் அதைத் தொங்கவிட்ட தன் கையையும் நினைத்துக்கொண்டான். மரியான் தேவாலயக் கதவருகே கையில் மஞ்சள் டூலிப் பூவோடு தனியாக நின்றாள். அவளிடம் போனான். சுவீடிஷ் சொற்கள் எல்லாம் ஒரேயடியாக மறந்துபோயின.

"எங்க ஊர்ல," என்றான். "எங்க ஊர்ல வெள்ளை டை... கல்யாணத்துக்குத்தான் கட்டுவாங்க. சாவுக்குக் கட்டினா செத்தவங்களைக் கேலி பண்ற மாதிரி. யோவாகிம் மாத்தி எடுத்துட்டாருன்னு நெனச்சேன். அதைச் சொன்னா அவருக்கு வெட்கமா இருக்குமேன்னு..."

மரியான் அவனையே பார்த்தாள். முதலில் அவளுடைய தோள் குலுங்கியது. அப்புறம் மூக்கிலிருந்து ஒரு சத்தம் வந்தது. பூவால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். இருபத்தைந்து நாளில் அவள் சிரித்து அவன் பார்க்கவில்லை. ஓட்டுநர்கள் எட்டுப் பேரும் திரும்பிப் பார்த்துவிட்டு, மரியாதையாக வேறு பக்கம் பார்த்தார்கள்.

"ரூனேவுக்கு மட்டும் இது தெரிஞ்சிருந்தா," என்றாள், "ஜூன் வரைக்கும் பஸ்ல வேற கதையே ஓடியிருக்காது." அந்த வாக்கியத்தின் முடிவில் அவள் அழுதுகொண்டிருந்தாள்.

யோவாகிம் மாட்டியிருந்த தன் கோட்டிடம் போனான். பையிலிருந்து பொட்டலத்தை எடுத்து வந்து நீட்டினான். அவன் கழுத்தில் ஸ்டீக் கட்டிய முடிச்சு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு நின்றது. மேலே மணி அடிக்கத் தொடங்கியது. ரியோஹெய் கறுப்பு டையை உருவிச் சட்டைப் பைக்குள் திணித்தான், வெள்ளையைக் கட்டிக்கொண்டான். பிறகு யோவாகிமின் முடிச்சையும் அவிழ்த்து ஒழுங்காகக் கட்டிவிட்டான்.

"எனக்கும் ஒரு முடிச்சு போட்டுவிடேன்டா ஜப்பான்காரா," என்று ஸ்டீக் கழுத்தை நீட்டினார்.

முன்வரிசையில் நால்வரும் உட்கார்ந்தார்கள். கடைசியில் முதல் ஆட்களாக எழுந்து சவப்பெட்டியருகே போனார்கள். ஆளுக்கொரு டூலிப் பூவை மேலே வைத்தார்கள். வைத்துவிட்டுத் தலை குனிந்து நின்றார்கள். இதில் மட்டும் அகிதாவும் இந்த ஊரும் ஒன்று. ரியோஹெய் எல்லோரையும்விடத் தாழக் குனிந்தான். அவன் நிமிரும் வரை மற்ற மூவரும் காத்திருந்தார்கள்.

பிறகு சபைக் கூடத்தில் காப்பியும் இறால் வைத்த ரொட்டிக் கேக்கும். லேனா அவன் தோளைத் தட்டினாள்.

"பெட்டி தயாரா? நாலரைக்கு வீட்டுக்கு வர்றேன்."

தயார் என்றான். வெள்ளை டை ஒரு நாளைக்கு உரியது. காலண்டரில் போட்ட வட்டம் அப்படியேதான் இருக்கும் என்று அவனுக்குத் தோன்றியது. தன் வாயால் 'நான் இங்கேயே இருக்கட்டுமா' என்று கேட்க அவனால் முடியாது. கஞ்சிக் கிண்ணத்தைச் சொல்லாமல் எப்படிக் கேட்பது? சொன்னால் யார் வைத்துக்கொள்வார்கள்?

மூன்று மணிக்கு வீடு வந்தார்கள். ஸ்டீக்கை அவருடைய வீட்டில் விட்டுவரக் காரோடு அப்படியே போனான் யோவாகிம். காலையிலிருந்து விழுந்த புதுப் பனி வாசலிலிருந்து தபால் பெட்டி வரை கணுக்கால் அளவு கிடந்தது. லேனாவின் சின்னக் கார் திரும்ப இடம் வேண்டும். மரியான் உள்ளே போனதும் ரியோஹெய் கோட்டை மட்டும் மாட்டிக்கொண்டு வெளியே வந்தான்.

மண்வெட்டி ரூனே குத்தி வைத்த இடத்திலேயே இருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் டிராக்டரால் எத்தனையோ முறை பனி தள்ளிவிட்டார். அந்த மண்வெட்டியை மட்டும் யாரும் தொடவில்லை. அவன் பிடுங்கினான். பனியில் இறுகியிருந்ததால் இரண்டு முறை இழுக்க வேண்டியிருந்தது. தபால் பெட்டி வரைக்கும் தள்ளினான், ஓரங்களை ரூனே செய்கிற மாதிரி நேராக வெட்டினான். மூச்சு வாங்கியது. மண்வெட்டியை மேட்டில் குத்திவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்தான். இங்கிருந்து பார்த்தால் சமையலறை ஜன்னல் நன்றாகத் தெரிந்தது. அதற்கு மேலே மாடி ஜன்னலும் தெரிந்தது. அந்த ஜன்னலை அவன் இதுவரை நினைத்துப் பார்த்ததில்லை. அவரைப்போலவே தலையைக் குனிந்துகொண்டான்.

கதவு படாரென்று சுவரில் மோதியது.

"ரியோ!"

மரியான் ஓடி வந்தாள். துக்க உடுப்பு, கோட்டு இல்லை, காலில் செருப்பும் இல்லை. வந்த வேகத்தில் அவன் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல," என்று அவன் எழுந்தான். "சும்மா உக்காந்திருந்தேன்."

"அங்க உக்காராத." அவளுடைய கைகள் அவன் கோட்டை விடவில்லை. "அன்னிக்கும் பார்த்தேன். மாடியிலிருந்து. ரூனே சும்மா உக்காந்திருக்காருன்னுதான் நெனச்சேன். துணி மடிச்சுட்டு இருந்தேன். எல்லாத்தையும் மடிச்சு முடிச்சேன் ரியோ."

ரியோஹெய் சமையலறை ஜன்னலைக் காட்டினான்.

"நானும் பார்த்தேன்," என்றான். "கஞ்சி குடிச்சு முடிச்சேன். கிண்ணத்தைக் கழுவி வெச்சேன்."

சாலையில் ஒரு கார் போயிற்று. லேனாவுடையது இல்லை. மரியான் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவன் டையை நேராக்கினாள். அது நேராகத்தான் இருந்தது.

"அந்தப் பெட்டிய மேல கொண்டு போ," என்றாள். "மூணு நாளா கால்ல இடிக்குது. லேனாவுக்கு நான் போன் பண்றேன்."

அவள் திரும்பி நடந்தாள். ரியோஹெய் மண்வெட்டியைப் பிடுங்கித் தோளில் வைத்துக்கொண்டு பின்னால் போனான். வெட்டிய பாதை வாசலுக்கு வளைந்து போயிற்று. அவள் ஓடி வந்தது அந்தப் பாதையில் அல்ல. வாசல்படியிலிருந்து பனிமேடு வரை, தொடாத புதுப் பனியின் குறுக்கே, காலுறைத் தடங்கள் நேராக வந்திருந்தன.