ஆணையருக்கு எழுதிய பாராட்டு

ஆலை முதலாளிகள் சங்கத்தில் பதினெட்டு வருடமாகக் கடிதம் எழுதுவது அவள்தான். கையெழுத்து செயலாளருடையது, வார்த்தை அவளுடையது. நன்றியோ இரங்கலோ, அரைமணி நேரத்தில் முடித்துவிடுவாள். அலுவலகத்தில் அவளுக்குச் ‘சர்க்கரைப் பேனா’ என்று பெயர்.

அந்த வருடக் கூட்டத்துக்குத் தொழில்துறை ஆணையர் பேச வந்தார். “இனிமே உங்க வாசல்ல சொல்லாம கொள்ளாம எந்த ஆய்வாளரும் வந்து நிக்க மாட்டார். உங்க ஆலையை நீங்களே சோதிச்சு எழுதிக் கொடுத்தாப் போதும்” என்றார். மண்டபமே எழுந்து நின்று கைதட்டியது. கடைசி வரிசையில் குறிப்பெடுத்துக்கொண்டிருந்த அவளும் எழுந்து நின்றாள்.

மறுநாள் செயலாளர் கூப்பிட்டார். “ஆணையருக்கு ஒரு கடிதம் போடணும்மா. படிச்சா மனசு குளிர்ந்துடணும்.”

அவள் தம்பி, சங்க உறுப்பினர் ஒருவரின் அட்டை ஆலையில் பாய்லர் பார்ப்பவன். முந்தின வாரம்தான் அவள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டே சொல்லியிருந்தான். “ஆவி ஜாஸ்தியானா திறக்கற வால்வு ஒட்டிக்குதுக்கா. சுத்தியலால ரெண்டு தட்டு தட்டினாத்தான் திறக்குது. ஆய்வாளர் வந்தா மாத்தித்தான் ஆகணும். அதுக்குத்தான் காத்துக்கிட்டிருக்கேன்.”

தட்டச்சு செய்ய உட்கார்ந்தபோது அது ஞாபகத்துக்கு வராமல் இல்லை. வந்தது. ஒரு டீ குடித்துவிட்டு வந்து எழுதினாள். ‘தங்கள் உரை எங்கள் நெஞ்சில் நம்பிக்கையை விதைத்தது. எங்கள் ஆலைகள் ஒவ்வொன்றும் பழுதின்றி இயங்குகின்றன என்று உறுதி கூறுகிறோம்.’ செயலாளர் ஓர் எழுத்தைக்கூட மாற்றவில்லை.

பத்து நாளில் ஆணையர் கைப்பட எழுதிய பதில் வந்தது. இவ்வளவு அழகான கடிதம் தனக்கு வந்ததேயில்லை என்றும், அலுவலகத்தில் எல்லோருக்கும் படித்துக் காட்டியதாகவும் எழுதியிருந்தார். செயலாளர் அதைச் சட்டம் போட்டு மாட்டச் சொன்னார். நேராக இருக்கிறதா என்று தள்ளி நின்று பார்த்துச் சொன்னது அவள்தான்.

அடுத்த மாதம் பாய்லர் வெடித்தது. இரண்டு பேர் அங்கேயே போனார்கள். தம்பி நாலு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தான். முகத்தில் கட்டு இல்லாத இடம் உதடு மட்டும்தான். “அக்கா, தண்ணி” என்பதைத் தவிர வேறெதுவும் பேசாமலே அவனும் போனான்.

விசாரணையில் ஆலைத் தரப்பு வக்கீல் சங்கத்தின் கடிதத்தையும் ஆணையரின் பதிலையும் எடுத்து நீட்டினார். ஆலைகள் சரியாக இருந்ததை ஆணையரே பாராட்டி ஏற்றிருக்கிறார், ஆகவே பாய்லரைக் கவனிக்காதது இறந்தவனின் தவறுதான் என்றார்.

தம்பி மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவள் எழுந்தாள். “ஐயா, அந்தக் கடிதம் நான் எழுதினது. அதுல இருக்கறது பொய்.”

விசாரணை அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். “பொய்னு எப்பம்மா தெரிஞ்சுது?”

“எழுதும்போதே தெரியும். வால்வு ஒட்டிக்குதுன்னு தம்பி என்கிட்ட சொல்லியிருந்தான்.”

“கையெழுத்து உங்களுது இல்லையேம்மா. இது சங்கத்தோட கடிதம். துக்கத்துல இருக்கீங்க, உட்காருங்க.” எழுத்தரைப் பார்த்து, “இதைச் சேர்க்க வேண்டாம்” என்றார்.

அவள் உட்கார்ந்தாள். தம்பி மனைவி அவள் பக்கம் திரும்பாமலே கேட்டாள். “எழுதும்போதே தெரியுமா அண்ணி?”

“தெரியும்.”

“நான் பயந்துடுவேன்னு என்கிட்ட சொல்லாம, உங்ககிட்ட சொல்லியிருக்காரு. நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, கையைக் காலைப் பிடிச்சாவது வீட்டுல உட்கார வச்சிருப்பேனே.”

எத்தனையோ வீடுகளுக்கு ஆறுதல் எழுதியவள் தம்பி மனைவியின் கையைத் தொடப் போனாள்; அவள் கையை இழுத்துக்கொண்டாள்.

தவறு தம்பி மேல்தான் என்று தீர்ப்பாயிற்று. சங்கம் அவளை மரியாதையாகவே வேலையிலிருந்து அனுப்பியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் தம்பி வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டினாள். தம்பி மகள் பாதிக் கதவைத் திறந்து, உள்ளே ஒரு தரம் பார்த்துவிட்டு, மெல்லச் சொன்னாள்.

“அத்தை, அம்மா வீட்ல இல்லைன்னு சொல்லச் சொன்னாங்க.”