சுகமில்லாமல் இருந்தவன்

கபன் துணி சுற்றி முடிந்த பிறகும் வாப்பாவின் முகத்தை மூட ஹுஸ்னியா விடவில்லை.

"அஸருக்குப் பாங்கு சொல்லப் போறாங்க, மகள். மையித்த இன்னும் வெச்சிருக்க ஏலாது," என்றார் சாச்சா ஜவாஹிர்.

"நஸ்ரி வாறான் சாச்சா. ஜெயிலால வெளிக்கிட்டாச்சாம். அவன் ஒருக்காப் பாக்கட்டும்."

முற்றத்தில் கதிரைகளில் இருந்த ஆண்கள் பேச்சை நிறுத்தினார்கள். அவள் தம்பியின் பெயர் வந்தால் அவர்கள் ஊரான ஓர்ஸ் ஹில்லில் எப்போதும் அப்படித்தான்.

நஸ்ரி படையில் இருந்தவன். காவலுக்கு நின்றபோது, தன்னைக் கொல்லத்தான் வருகிறான் என்று நம்பி, கூடவே உண்டு உறங்கிய சிப்பாயைச் சுட்டுவிட்டான். அதற்குமுன் மாதக்கணக்கில் அவன் காதுக்குள் யாரோ கதைத்துக்கொண்டிருந்தார்கள். முகாமில் சொன்னான். லீவுக்காக நடிக்கிறாய் என்று திருப்பி அனுப்பினார்கள்.

இராணுவ நீதிமன்றம் கொலை என்றது. வாப்பா ஸெய்னுதீன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர், சட்டம் படித்தவரல்ல. மேன்முறையீட்டுக்காகக் கொழும்பு பஸ் ஏறும்போதெல்லாம் ஒன்றையே சொன்னார்.

"அவன் சுடல்ல எண்டு நான் சொல்லல்ல. செத்தவனும் ஒரு தாய்க்குப் புள்ளதான். எண்ட மகனுக்குச் சுகமில்லாம இருந்த எண்டு அவங்கட வாயால சொல்லட்டும்."

போன மாதம் சொன்னார்கள். மனநோயால் அவன் பொறுப்பு குறைந்திருந்தது என்று தீர்ப்பு வந்தது. கொலை என்ற சொல் போனது. தண்டனை குறைந்தது, மருந்து தொடங்கியது. மகனைப் பார்க்கப் போக இருந்த வாப்பா இன்று சுபஹ் தொழுகைக்கு எழும்பவில்லை.

வாகனம் வந்து நின்றது. இரண்டு காவலர்களுக்கு நடுவில் நஸ்ரி இறங்கினான். மருந்தில் முகம் ஊதியிருந்தது. வாப்பாவின் தலைமாட்டில் மெல்லக் குந்தினான்.

"வாப்பா என்னோட கோவமாவா போனார், ராத்தா?"

"இல்லடா. ஒன்னப் பாக்க வாறதுக்குச் சேட்டுத் தோச்சுக் காயப் போட்டவர்."

நஸ்ரி விலங்கிட்ட கைகளால் வாப்பாவின் நெற்றியைத் தொட்டான். பிறகு, "நான் சுட்ட பொடியன்ட அம்மாக்குத் தெரியுமா, எனக்குச் சுகமில்லாம இருந்த எண்டு?" என்றான்.

ஹுஸ்னியா குனிந்து வாப்பாவின் முகத்தை அவளே மூடினாள்.

காவலர் ஒருவர் விலங்கின் ஒரு பக்கத்தைக் கழற்றிவிட்டார். வாப்பாவைக் கிடத்திய சந்தூக்கின் முன்காலை நஸ்ரி தோளில் வாங்கினான். சரிவில் மற்றவர்கள் தோள் மாற்றிக்கொண்டே போனார்கள். அவன் யாருக்கும் கொடுக்கவில்லை. பெண்கள் கேற்றடியில் நின்றுவிட்டார்கள்.

அடக்கம் முடிந்ததும் மையவாடியிலிருந்து அப்படியே ஜெயிலுக்குப் போய்விடுவோம் என்று காவலர் சொல்லியிருந்தார். ஹுஸ்னியா குசினிக்குள் போனாள். பக்கத்து வீட்டார் கொண்டுவந்த சோற்றில் கொஞ்சத்தை ஒரு பீங்கான் தட்டில் போட்டாள். நஸ்ரிக்குப் பிடிக்காத கத்தரிக்காயை ஒதுக்கிவிட்டு, இன்னொரு பீங்கானால் மூடி வைத்தாள்.