கரட்டு மேட்டில் ஒரு நூறு சிசி வண்டி

செம்மாம்பாளையத்தில் ஒரு மோட்டார் சைக்கிளுக்குப் பதினைந்து வயது முடிந்தால், அதுவரை அது சுமந்த அத்தனையும் ஒருநாள் காலையில் ஒன்றாகத் திரும்பி வந்து அதன்மேல் ஏறிக்கொள்ளும். அத்தனையோடும் கரட்டு மேட்டில் ஏற வேண்டும். ஏறிவிட்டால், இந்த ஆளுக்கு இந்த வண்டி போதும் என்று எழுதிக் கொடுத்துவிடுவார்கள். பாதியில் நின்றுபோனால் போதாது என்று அர்த்தம். வண்டியை அங்கேயே விட்டுவிட்டு, மேட்டடியில் தயாராக நிற்கும் பெரிய வண்டிகளில் ஒன்றை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

பெரிய வண்டி சும்மா கிடைக்கிறதே என்று யாரும் சந்தோஷப்படுவதில்லை. விட்டுவிட்டு வந்த வண்டியோடு அது சுமந்ததும் போய்விடும். ஓட்டியவருக்கு அதில் ஒன்றும் நினைவில் நிற்காது. போன ஆடியில் தோற்ற நாச்சிமுத்து இன்றைக்கும் தன் மனைவியிடம், "நீ எப்படி இந்த ஊருக்கு வந்தே?" என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். பஸ்ஸில் வந்ததாக அந்தம்மாளும் சொல்லிவைத்திருக்கிறார்.

சென்னியப்பனின் நூறு சிசி வண்டிக்கு வைகாசி எட்டாம் தேதி பதினைந்து முடிந்தது. அவர் போர்வெல் மோட்டார் ரிப்பேர் செய்கிறவர். ஆள் நல்ல ஆகிருதி, இடது புருவத்தில் ஒரு வெட்டுத் தழும்பு. தூரத்திலிருந்து பார்த்தால், வண்டியே இல்லாமல் உட்கார்ந்த வாக்கில் ரோட்டில் வருவதுபோல் இருக்கும். அதைப் பற்றி அவருக்கு ஒரு கூச்சமும் கிடையாது. வண்டி போதுமா என்று கேட்கிறவர்களிடம், நான் வண்டிக்குப் போதுமா என்று யாராவது அதைக் கேட்டீர்களா என்று திருப்பிக் கேட்பார்.

அவருடைய மச்சினன் ஈஸ்வரமூர்த்திக்குத்தான் மனசு கேட்கவில்லை. அவன் வைத்திருப்பது முந்நூற்றைம்பது சிசி. இரண்டு வருடம் முன்பு கரட்டு மேட்டில் அது வெண்ணெயாக ஏறிவிட்டது. பதினைந்து வருடத்தில் அதன்மேல் ஏறியது அவனும் அவன் ஹெல்மெட்டும் மட்டும்தான் என்பதை அவன் யாரிடமும் சொல்வதில்லை.

"மச்சா, இந்த சுண்டெலிய வெச்சுக்கிட்டு மேடு ஏற முடியாதுங்க. எங்கக்காவையே மறந்துட்டு நிப்பீங்க."

"ஏறும் மாப்ள," என்றார் சென்னியப்பன்.

எட்டாம் தேதி காலை ஆறு மணிக்கெல்லாம் வாசலில் சாமான்கள் வந்து சேர ஆரம்பித்தன. முதலில் கேஸ் சிலிண்டர்கள், வரிசையாக நூற்றுச் சொச்சம். பிறகு ரேஷன் அரிசி மூட்டைகள், பிவிசி பைப்புகள், குலையோடு இரண்டு வாழை மரம், மூன்று ஆடு, ஊரிலுள்ள அத்தனை தோட்டத்து மோட்டார்களும். கயிற்றால் சாய்த்துக் கட்டிக் கொண்டுவந்த சீதன பீரோ தானாகவே வந்து கேரியரில் சாய்ந்துகொண்டது. வண்டியின் டயர் கொஞ்சம் அமுங்கியது. அவ்வளவுதான்.

கல்யாணத்துக்கு மறுநாள் ஏறிய மனைவி சாந்தாமணி, அரக்குப் பட்டுச் சேலையில் வந்து ஒருபக்கமாக உட்கார்ந்தாள். இப்போதைய சாந்தாமணி நிலைப்படியில் நின்று அவளைப் பார்த்தாள்.

"ஏனுங்க, இந்தச் சேலைய எங்க வெச்சேன்னே தெரியலைங்க," என்றாள்.

கடைசியாகச் சென்னியப்பனின் அப்பா வந்தார். நெஞ்சு வலி கண்ட அன்று மத்தியானம் ஆம்புலன்ஸ் வரவில்லை. அப்பாவை நடுவில் வைத்து, பின்னால் ஈஸ்வரமூர்த்தி அணைத்துப் பிடித்துக்கொள்ள, பன்னிரண்டு கிலோமீட்டர் இதே வண்டியில்தான் கொண்டுபோனார்கள். இப்போதும் அதே மாதிரியே ஏறிக்கொண்டார்கள். அப்பாவுக்குப் பின்னால் இருந்த ஈஸ்வரமூர்த்திக்கு இருபத்து நாலு வயது. முந்நூற்றைம்பதில் சாய்ந்து நின்ற ஈஸ்வரமூர்த்தி அவனைச் சற்றுநேரம் பார்த்தான்.

"அப்ப முடி நல்லா இருந்திருக்குது," என்றான்.

சென்னியப்பன் தினமும் காலையில் போடுகிற இரண்டு மாத்திரைகளை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்துவிட்டு வண்டியைக் கிளப்பினார். அவருக்கு வண்டியின்மேல் சந்தேகம் இல்லை. ஆனால் அப்பாவின் மூச்சு முதுகில் பட்டபோது பயமாக இருந்தது. வண்டி நின்றுபோனால் இந்த மூச்சு பட்டதும் மறந்துபோகும். அன்றைக்கு அப்பாவை ஆஸ்பத்திரி வாசலில் இறக்கியபோது உயிர் இல்லை. அந்தப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான் அவர்கள் இருவரும் கடைசியாகச் சேர்ந்து போன வழி.

கரட்டு மேட்டின் உச்சியில் போதுமை அலுவலர் அமுதவல்லி பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, குடை விரித்து உட்கார்ந்திருந்தார். இப்போதைய சாந்தாமணி குறுக்குப் பாதையில் நடந்து முன்கூட்டியே மேலே போய்விட்டாள். ஈஸ்வரமூர்த்தி தன் முந்நூற்றைம்பதில் அக்காவுக்கு முன்னாலேயே போய் நின்றான்.

முதல் வளைவு வரை இரண்டாவது கியரில் வந்தது. அதற்குப்பின் முதல் கியர். பாறைத் திருப்பத்தில் வண்டியின் குரல் மாறியது. ஹேண்டில் இப்படியும் அப்படியும் ஆடியது. மேலிருந்து ஈஸ்வரமூர்த்தி, "விட்டுருங்க மச்சா, இஞ்சின் போயிரும்!" என்று கத்தினான். சென்னியப்பன் ஆக்ஸிலரேட்டரைக் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை.

அரக்குப் பட்டுச் சேலைக்காரிதான் முதலில் தோளைத் தொட்டாள்.

"நாங் எறங்கிக்கறனுங்க. நீங்க மேல போயி நில்லுங்க."

பதினைந்து வருடமாக எந்த மேடு வந்தாலும் அவள் சொல்வது அது ஒன்றுதான். சின்ன வண்டியில் பின்னால் உட்காருகிறவர்களுக்கு யாரும் கற்றுக்கொடுப்பதில்லை. வண்டி திணறினால் இறங்கி நடப்பார்கள், மேலே போய்த் திரும்ப ஏறிக்கொள்வார்கள். அவள் இறங்கியதைப் பார்த்து ஆடுகள் இறங்கின. சிலிண்டர்கள் இறங்கி மேல்நோக்கி உருண்டன. பீரோ நான்கு காலையும் மாற்றி மாற்றி வைத்து, கண்ணாடி உடையாமல் பதனமாக நடந்தது. இருபத்து நாலு வயது ஈஸ்வரமூர்த்தி அப்பாவைக் கைத்தாங்கலாக இறக்கினான். சென்னியப்பன் காலி வண்டியை உச்சிக்கு ஓட்டிப் போய், எப்போதும் செய்கிற மாதிரி இஞ்சினை அணைக்காமல் காத்திருந்தார்.

ஒவ்வொருவராக வந்து ஏறிக்கொண்டார்கள்.

"எறங்கி நடந்து வந்தா அது ஏறுனதா மேடம்?" என்று கேட்டான் முந்நூற்றைம்பது ஈஸ்வரமூர்த்தி.

அமுதவல்லி சென்னியப்பனைப் பார்த்து, "நீங்க எறங்கச் சொன்னீங்களா?" என்றார்.

"இல்லீங்க. அவங்களாத்தான் எறங்குனாங்க."

"யாராவது வராம நின்னுட்டாங்களா?"

"இல்லீங்க."

"அப்பப் போதும்," என்று எழுதி, சீல் வைத்துக் கொடுத்துவிட்டார்.

அப்பா பின்னாலிருந்து, "மெதுவாவே போலாம் சாமி, ஒண்ணும் அவசரமில்ல," என்றார். அன்றைக்கும் அப்படித்தான் சொன்னார். சென்னியப்பனுக்கு அது அட்சரம் பிசகாமல் நினைவிருந்தது. அவர் சான்றிதழைச் சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு, எல்லோர் முன்னிலையிலும் அழுதார். பிறகு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

பத்து மணி வாக்கில் சுமைகள் ஒவ்வொன்றாக இறங்கி மேட்டின் மறுபக்கமாகப் போய்விட்டன. அப்பாவும் போனார். பின்சீட்டில் ஒருவர் மட்டும் மிஞ்சினார். எழுபத்தைந்து வயதிருக்கும், கனத்த உடம்பு, மடியில் குறுக்காக ஒரு கைத்தடி. அமுதவல்லி தன் காகிதத்தைப் புரட்டினார்.

"ஐயா, உங்க பேரு இதுல இல்லீங்களே."

"நான் இனிமேத்தான் ஏறோணும்," என்றார் கிழவர்.

சென்னியப்பன் அவருடைய தொப்பையையும் இடது புருவத்து வெட்டுத் தழும்பையும் பார்த்தார். பிறகு தன் புருவத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, வண்டிச் சாவியைச் சாந்தாமணியிடம் நீட்டினார். அவள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு ஏறி அமர்ந்தாள். ஒரு நாளும் அவள் வண்டி ஓட்டியதில்லை.

"கிளட்ச்ச மெல்ல விடு சாந்தா," என்றார் கிழவர். "எத்தன தடவ சொல்லிக் குடுத்துருக்கறேன்."

"நீங்க இன்னும் சொல்லிக் குடுக்கலீங்க," என்று சொல்லிவிட்டு அவள் முதல் கியரைப் போட்டாள்.