ஜெகபர் அலியின் சொந்தக் குரல்

சினிமாவில் வரும் பூதத்துக்கு ஒரு ஒழுங்கு உண்டு. முதலில் புகை, அப்புறம் சிரிப்பு, அதற்குப் பிறகுதான் 'என்ன வேண்டும் எஜமான்?' திண்டுக்கல் பக்கத்துக் கல்யாண மண்டபங்களில் புகையைத் தவிர மற்ற இரண்டும் ஜெகபர் அலியுடையவை. பகலில் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை. முகூர்த்த நாட்களில், மெல்லிசைக் குழு நடத்தும் பிரபுவின் பாட்டுக் கச்சேரியில் பூதம். அற்புத விளக்குப் பாட்டு தொடங்கியதும் ஒட்டுக் குடுமியோடு வந்து ஒரு சிரிப்புச் சிரிப்பார். பந்தியில் இருப்பவர்கள்கூட இலையை விட்டு எழுந்து எட்டிப் பார்ப்பார்கள்.

வீட்டில் மனிதர் வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும். அவர் மனைவி ஜெய்தூன் பீவிக்கு அந்தக் குறை என்றைக்கும் உண்டு. ஊருக்கெல்லாம் என்ன வேண்டும் என்று கேட்கிறவர், தன்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை என்பாள்.

அப்படிப்பட்டவருக்குத் தொண்டையில் கட்டி வந்தது. குரல்வளையையே எடுத்துவிட வேண்டும் என்றார் மதுரை டாக்டர். உயிர் தங்கும், பேச்சு தங்காது.

"பூதம்னு ஜின்ன வச்சு வெளாண்டா அது சும்மா விடுமா?" என்றாள் பக்கத்து வீட்டு தஹ்சீன். அவர்கள் குடியிருந்த பேகம்பூரில் இப்படிப் பேச ஆளுக்கா பஞ்சம்.

"ஜின்னுக்கு வேற சோலி இல்லையாக்கும். பீடி குடிச்சது ஜின்னா?" என்று ஜெய்தூன் அவள் வாயை அடைத்தாள்.

அவரிடம் இருந்தது பட்டன் போன். அதில் பேச்சு எதுவும் பதிவாகி இருக்கவில்லை. குரல் போவதற்குள் பதிந்துவைக்க, மகள் ஷாஹினா தன் போனை அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"அத்தா, அம்மாகிட்ட என்னமாச்சும் பேசுங்க. பின்னாடி நாங்க கேட்டுக்கிருவோம்."

ஜெகபர் அலி சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு தொண்டையைச் செருமினார். "என்ன வேண்டும் எஜமானி?" என்றார், பூதக் குரலில்.

ஷாஹினா சிரித்துவிட்டாள். ஜெய்தூனுக்குச் சிரிப்பு வரவில்லை.

"அது வேணாங்க. வீட்ல பேசுற மாதிரி பேசுங்க. அதான் எனக்கு வேணும்."

அவர் போனைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். மேடையில் ஆயிரம் பேர் முன்னால் கூசாதவருக்குக் கட்டின பெண்டாட்டி முன்னால் கூச்சம். வாயைத் திறந்தார், மறுபடியும் பூதம்தான் சிரித்தது. சிரிப்பு இருமலாகி, துண்டில் ரத்தம் தெரிந்ததும் ஷாஹினா போனைக் கீழே வைத்தாள். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். மறுநாள் விடியுமுன்பே, ஆபரேஷனுக்குப் படுக்கை காலி என்று ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு வந்துவிட்டது.

அவர் கழுத்தில் ஓட்டையோடு வீடு திரும்பிய பிறகு, ஷாஹினா பிரபுவிடம் கச்சேரி வீடியோக்களை எல்லாம் கேட்டு வாங்கினாள். அம்மாவும் மகளும் ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்டார்கள். எல்லாவற்றிலும் பூதம். பாட்டுக்கு முன்னும் பின்னும் ஓட்டி ஓட்டிப் பார்த்தும், அவராக ஒரு சொல் பேசியது கிடைக்கவில்லை.

ஒன்றில் மட்டும் இருந்தது. யாரோ சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். வீடியோக்காரர் முன்கூட்டியே கேமராவை ஓட விட்டிருந்தார். மேடை ஓரத்தில் வேஷத்தோடு ஜெகபர் அலி. தண்ணீர்ச் செம்போடு ஜெய்தூன் கிட்டே வருகிறாள்.

"இங்க எதுக்கு வந்த? போ அங்கிட்டு. ஆளுக பாக்குறாங்கல்ல."

கணீரென்ற சொந்தக் குரல். பக்கத்தில் கஞ்சி குடித்துக்கொண்டிருந்த ஜெகபர் அலி கிண்ணத்தைக் கீழே வைத்தார். அழித்துவிடு என்று அவர் உதடுகள் அசைந்தன. காற்று கழுத்து வழியாகவே போயிற்று. எட்டிப் போனைப் பிடுங்கப் பார்த்தார்.

ஜெய்தூன் போனை மார்போடு சேர்த்து வைத்துக்கொண்டாள். அவளுக்குத் துக்கம் தாங்கவில்லை.

"இருக்கட்டும். எங்கிட்டப் பேசுனதுன்னு இது ஒண்ணுதான் இருக்கு."

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவள் மறுபடியும் போட்டாள். போ அங்கிட்டு என்றார் அவர். இன்னொரு தடவை போட்டாள்.