ஒரு டம்ளர் காலை

பிச்சையாவுக்குத் துரோகம் செய்தவர் பக்கத்து வீட்டு ஞானமுத்து. ஆனி பிறந்த மூன்றாம் நாள் ஒரு டம்ளர் காலை வெளிச்சத்தைக் கைமாற்றாக வாங்கிப் போனார். திருப்பித் தந்தது சாயங்கால வெளிச்சம்.

வால்பாறைக்கு மேலே அந்த எஸ்டேட்டில் மழை மூன்று மாதம் விடாது. அதனால் சித்திரையிலேயே ஒவ்வொரு வீட்டிலும் காலை வெளிச்சத்தைத் தூக்குவாளியில் பிடித்து மூடி வைத்துவிடுவார்கள். எழுந்ததும் கொஞ்சம் கண்ணில் காட்டிக்கொண்டால் உடம்புக்குள் இருக்கிற கடிகாரம் சரியாக ஓடும். வெளிச்சம் தீர்ந்துபோனவர்கள் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிடுவார்கள். ஆவணியில் தாமாகவே எழுந்து வருவார்கள்.

ஞானமுத்து தந்ததைப் பிச்சையா நம்பித் தன் தூக்கிலேயே ஊற்றினார். உறை ஊற்றின பால் மாதிரி, விடிவதற்குள் தூக்கு முழுவதும் சாயங்காலமாகிவிட்டது. அதிலிருந்து காலையில் மூடியைத் திறந்தால் கொட்டாவி வந்தது. காரணமில்லாமல் அழுகையும் வந்தது.

அவர்தான் பாக்டரியில் ஆறு மணிச் சங்கு ஊதுகிறவர். திங்கட்கிழமை ஏழரைக்கு ஊதினார். புதன்கிழமை ஒன்பதுக்கு.

"ஏம்வே, காலையில வாங்கினதுக்குக் காலையத்தான தரணும்?"

"ரெண்டும் மஞ்சள்தான அண்ணாச்சி. அளவு குறைஞ்சிருந்தா சொல்லுங்க."

அளவு குறையவில்லை. பிச்சையாவுக்கு அதுதான் இன்னும் எரிந்தது.

மேனேஜர் கூப்பிட்டுச் சொன்னார். "நாளைக்கும் லேட்டானா சங்கு ஞானமுத்து மச்சினனுக்கு."

மறுநாள் பிச்சையா கண் விழித்தபோது மணி பதினொன்று. சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு மழையில் ஓடிச் சங்கை ஊதினார். அதன் பிறகுதான் கிழக்கு வெளுத்தது. மேனேஜர் சூரியனைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார், கடிகாரத்தை ஆறுக்குத் திருப்பி வைத்தார்.

பிச்சையா வீடு திரும்பியபோது சூரியன் சொட்டச் சொட்ட வாசலில் நின்றது. அவர் தலை துவட்டத் துண்டு கொடுத்தார்.

"உங்க சங்கு கேட்டாத்தான் எனக்கு முழிப்பு வரும் அண்ணாச்சி," என்று ஒரு டம்ளரை நீட்டியது. "புதுசு. இன்னைக்குக் காலையில பிடிச்சது."

டம்ளரைப் பார்த்ததுமே அவருக்குச் சோர்வு பாதி போயிற்று. ஆனாலும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"நீ ஏன் தரணும்? வாங்கினவன் தரட்டும்."

சூரியன் யோசித்துப் பார்த்தது. நியாயம்தான் என்றது. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, ஞானமுத்து வீட்டுப் படியில் போய் உட்கார்ந்தது. பிச்சையாவும் பக்கத்தில் உட்கார்ந்தார்.

இது புரட்டாசி. ஞானமுத்து இன்னும் கதவைத் திறக்கவில்லை.