காலுக்குக் கட்டம் இல்லை

மார்ச் 14, செவ்வாய்க்கிழமை, காலை 7.20. பணிமனை வாசலில் 41-ஆம் தடப் பேருந்தின் ஓட்டுநர் இடது காலில் மட்டும் செருப்போடு இறங்கினார்.

வலது செருப்பை நடத்துநர் எடுத்து வந்தார். "என்னண்ணே, உங்க செருப்பு இன்னொரு டிரிப் அடிச்சுட்டு வரேங்குது."

ஓட்டுநர் குனிந்து பார்த்த பிறகுதான் தன் கால் வெறுங்கால் என்று தெரிந்துகொண்டார்.

மூன்று வருடமாகப் பாதங்கள் மரத்திருந்தன. சர்க்கரை என்றார் ஒரு டாக்டர், சோதித்துப் பார்த்தால் சர்க்கரை இல்லை. இன்னொருவர் வைட்டமின் ஊசி போட்டார். குத்திய இடம் மட்டும் நன்றாக வலித்தது. "நான் சொல்றது உங்களுக்குக் காதுல விழாது. இப்போ தரையும் கால்ல படலையா?" என்றாள் மனைவி.

அந்த வாரமே நடத்துநர் அவரை நரம்பு டாக்டரிடம் இழுத்துப் போனார். தட்டினால் அதிரும் இரும்புக் கவையைக் கால் பெருவிரலில் வைத்து, "அதிருதா?" என்றார் டாக்டர்.

"வெச்சாச்சா டாக்டர்?"

ரத்தப் பரிசோதனையில் காரணம் தெரிந்தது. உடம்பே தயாரித்த கோளாறான புரதம் ஒன்று நரம்புகளின் மேலுறையை அரித்துக்கொண்டிருந்தது. சிகிச்சை உண்டு, உணர்ச்சி திரும்ப மாதக்கணக்காகும், திரும்பாமலும் போகலாம். அதுவரை வண்டி ஓட்டக் கூடாது என்று கடிதம் கொடுத்தார்.

வேலையை விட்டால் வீடு நடக்காது; ஓட்டினால் யார் மேலாவது ஏற்றிவிடுவோம். ஓட்டுநர் கடிதத்தோடு பணிமனை மருத்துவரிடம் போய் மேசை வேலை கேட்டார். மருத்துவர் படிவத்தை நிரப்பினார். கண், காது, ரத்த அழுத்தம், சர்க்கரை. எல்லாம் பிரமாதம்.

"கால், சார்?"

"காலுக்குக் கட்டம் இல்லையே. பிரேக் மிதிக்க முடியுதில்ல?"

"மிதிக்கலாம் சார். மிதிச்சேனாங்கிறது வண்டி நின்னாத்தான் தெரியும்."

"நிக்குதில்ல?"

"இதுவரைக்கும்."

'தகுதி' என்று முத்திரை விழுந்தது.

அடுத்து பணிமனை மேலாளரிடம் போய் விஷயத்தைச் சொன்னார். மேலாளர் கடிதத்தைப் பிரிக்கவே இல்லை. "ஆளில்லாம திண்டாடுறோம். உங்க ரத்தத்துல புரதம் இருக்குன்னா நான் என்ன பண்றது? என் மச்சான் அதுக்குன்னே டப்பா டப்பாவா வாங்கிக் குடிக்கிறான்."

ஏப்ரல் 19 காலை, பயணிகளை இறக்கிவிட்டுப் பணிமனைக்குள் திருப்பும்போது, பிரேக் என்று நம்பி ஓட்டுநர் ஆக்ஸிலரேட்டரை மிதித்தார். மேலாளர் அறையின் சுவர் விழுந்தது. மேலாளர் வழக்கம்போல் இன்னும் வந்திருக்கவில்லை. அதனால் உயிர்ச்சேதம் இல்லை. ஓட்டுநரின் வலது செருப்பு இருக்கைக்கு அடியில் கிடந்தது.

விசாரணைக் குழு நரம்பு டாக்டரின் கடிதத்தை வெளியார் கடிதம் என்று ஒதுக்கியது. பணிமனை மருத்துவரின் சான்றிதழை ஏற்றது. தகுதிப் படிவத்தில் புதிதாக ஒரு கட்டம் சேர்க்கப்பட்டது: 'காலணி அணிந்துள்ளாரா?' முழு உடல் தகுதி இருந்தும் கவனக்குறைவாக ஓட்டியதற்காக ஓட்டுநர் பணிநீக்கம் செய்யப்பட்டார்.