விலாச விசாரணை

என் மனைவி தங்கலட்சுமி அரசாங்கத்தின் கண்ணில் ஓர் அந்நியர். பினாங்கில் பிறந்தவள், மலேசியா பாஸ்போர்ட். பன்னிரண்டு வருடமாகத் திருச்சுழிப் பக்கத்து எங்கள் கிராமத்தில் மிளகாய் பறித்து, என் அம்மாவிடம் திட்டு வாங்கி வாழ்ந்தவள். இவ்வளவு அபாயகரமான ஆள் எங்கே படுத்துத் தூங்குகிறாள் என்று அரசாங்கம் தெரிந்துவைத்திருக்க வேண்டாமா?

1987இல் பாளையம்பட்டியில் பலசரக்குக் கடை வைத்து, கடைக்கு எதிரிலேயே குடிவந்தோம். வந்த மாதமே பினாங்கிலிருந்து கடிதம். அவளுடைய அப்பா பக்கவாதத்தில் படுத்துவிட்டார், மகளைப் பார்க்க வேண்டும் என்கிறார். போவதற்குத் தடையில்லை. திரும்பி வரத்தான் அனுமதி வேண்டும். அதற்கு வெளிநாட்டவர் பதிவேட்டில் புது விலாசம் ஏற வேண்டும். மூன்று பிரதி மனுவும் நான்கு போட்டோவும் பாஸ்போர்ட்டும் பதிவு அலுவலகத்தில் கொடுத்தோம். போலீஸ் வந்து விசாரிக்கும் என்றார்கள்.

ஏட்டு வந்த அன்று நான் சரக்கு எடுக்க அருப்புக்கோட்டை போயிருந்தேன். எங்கள் தெருவில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. காக்கிச் சட்டை யாரைத் தேடி வந்தாலும் அந்த ஆள் ஊரில் இல்லை.

"தங்கலட்சுமியா? அப்படி யாரும் இங்க இல்லையே சார்" என்றார் பக்கத்து வீட்டுச் சோலையம்மாள்.

நல்லகண்ணு அண்ணாச்சி ஒரு படி மேலே போனார். "அந்த வீடு பூட்டி ஆறு மாசமாச்சு."

குழாயடியிலிருந்து தங்கலட்சுமி குடத்தோடு ஓடிவந்தாள். "நாந்தேன் சார் தங்கலட்சுமி!"

சோலையம்மாள் அவள் வாயைப் பொத்தினார். "இவ என் தங்கச்சி மக சார். கொஞ்சம் புத்தி சரியில்ல."

'அப்படி ஒரு நபர் இல்லை' என்று எழுதிக்கொண்டு ஏட்டு போய்விட்டார். சாயங்காலம் சோலையம்மாள் பெருமையோடு வந்தார். "ஒம் பொண்டாட்டிய போலீசுட்ட இருந்து காப்பாத்திட்டோம் தம்பி." எனக்கு வந்த ஆத்திரத்தில் தராசை எடுத்து எறிந்திருப்பேன்.

மறுவிசாரணை கேட்டு மறுபடி மூன்று பிரதி. பிறகு வீடு வீடாகப் போய்ப் பாடம் நடத்தினேன். காக்கிச் சட்டை வந்தால் உண்மையைச் சொல்ல வேண்டும். தெருவுக்கு இது கசப்பாகத்தான் இருந்தது. ஆனாலும் தங்கலட்சுமி அழுததைப் பார்த்து மனப்பாடம் செய்துகொண்டார்கள். அவள் அப்பாவுக்குக் கருப்பட்டி வாங்கிப் பெட்டியில் வைத்தாள். அலுவலகத்தில் கேட்டபோதெல்லாம் ஆள் வரும் என்றார்கள்.

பத்தொன்பதாம் நாள் காலை ஒரு காக்கிச் சட்டை சைக்கிளில் தெருவுக்குள் திரும்பியது. வந்தவர் தங்கலட்சுமி பெயரைச் சொல்லி முடிக்கவில்லை, தெருவே வெளியே வந்துவிட்டது.

"இந்தா, இந்த வீடுதேன்! மலேசியாக்காரிதேன்! உள்ளதேன் இருக்கா!"

நல்லகண்ணு அண்ணாச்சி சைக்கிளைத் தானே பிடித்துத் தள்ளிவந்தார். சோலையம்மாள் உள்ளே போய்த் தங்கலட்சுமியைக் கையைப் பிடித்து இழுத்துவந்து நிறுத்தினார். "இவதேன் சார். நல்லாப் பாத்துக்கோங்க."

அவர் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒரு தந்தியைக் கொடுத்தார். அது ஆங்கிலத்தில் இருந்ததால் கடையிலிருந்து ஓடிவந்த நான்தான் வாங்கி மனதுக்குள் படித்தேன். அப்பா நேற்று காலமானார்.

"இந்தத் தடவ சரியாச் சொன்னோம்ல தம்பி?" என்றார் சோலையம்மாள்.

தங்கலட்சுமி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரியாத்தேன் சொன்னீக அக்கா" என்றேன்.